மலைக்குக் குடிபோக நினைப்பவர்கள் தங்கவயலைப் பார்க்கட்டும்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இன்னொரு வீட்டைத் தாங்கத் தெம்பில்லை. கோலார் தங்கவயலோ ஆள் போய் வெறிச்சோடிக் கிடக்கிறது. வெளியே, காற்றோட்டமாக வாழ ஆசைப்படுகிறவர்கள் எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது நியாயம்?

நகரத்தை விட்டு மலைப்பக்கம் குடிபோய்விட வேண்டும் என்ற ஆசை இன்று வசதி படைத்தவர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகிய சென்னை, பெங்களூர்க் குடும்பங்கள், பென்ஷன் வாங்கும் தம்பதிகள், பிள்ளைகளை வெயிலிலும் மண்ணிலும் ஓடவிட்டு வளர்க்க நினைக்கும் பெற்றோர் எனப் பலரும் கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல், ஏற்காடு, ஏலகிரி என்று இடம் தேடுகிறார்கள். காலையில் நடை, விடுமுறையில் பாறையேற்றம், சைக்கிள் போக ஆளில்லாத சாலை, ஏசி போடாமல் தூக்கம், சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம். இந்த ஆசைகளில் ஒரு குற்றமும் இல்லை. இடம் தேடும் முறையில்தான் கோளாறு இருக்கிறது. எந்த ஊரில் காட்சி அழகு, எங்கே குளிர் அதிகம் என்று பார்க்கிறோம். அந்த ஊரால் இன்னொரு வீட்டைத் தாங்க முடியுமா, நாம் போய்ச் சேர்வதால் அந்த ஊருக்கு நன்மையா கெடுதலா என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியை முதலில் கேட்டுப் பார்த்தால் பட்டியலின் வரிசையே மாறிவிடும். இதுவரை யாரும் மலையூர்க் கணக்கில் சேர்க்காத, கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் மேலே வரும். சில நிபந்தனைகளோடு இந்த வாதத்தை முன்வைப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நிரம்பி வழியும் மலைகள்

முதலில் நாம் வழக்கமாக ஓடும் மலைகளின் நிலையைப் பார்ப்போம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். அது போதாமல் 2025 கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. ஓர் ஊருக்குள் வருகிற வண்டிகளை நீதிமன்றம் எண்ணி விடுகிற நிலை வந்துவிட்டதென்றால், அந்த ஊரின் சாலை, தண்ணீர், குப்பை மேலாண்மை எல்லாமே எல்லையைத் தொட்டுவிட்டன என்று பொருள். இரண்டு நாள் வந்து போகிற பயணிக்கே இந்தக் கெடுபிடி இருக்கும்போது, நிரந்தரமாகக் குடியேறுகிறவரின் சுமை எவ்வளவு என்று யோசிக்க வேண்டும். அவர் ஆண்டு முழுக்கத் தண்ணீர் எடுக்கிறார், சரிவை வெட்டி வீடு கட்டுகிறார், அந்த வீட்டுக்குச் சாலை கேட்கிறார்.

சரிவை வெட்டுவதன் விலை என்ன என்பதும் நமக்குத் தெரியாததல்ல. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2024 ஜூலை 30 அதிகாலையில் பக்கத்து வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை கிராமங்களை நிலச்சரிவு வாரிக்கொண்டு போனது. இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மாதவ் காட்கில் தலைமையிலான குழு மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கே என்ன செய்யக் கூடாது என்று 2011இலேயே எழுதிக் கொடுத்தது. மாநில அரசுகள் அதை ஏற்கவில்லை. இமயமலையில் ஜோஷிமட் மண்ணோடு இறங்கும் ஊர் என்று 1976இல் ஒரு குழு எச்சரித்தது. 2023 ஜனவரியில் அங்கே வீடுகள் விரிசல் விட்டுக் குடும்பங்கள் வெளியேறின. இவை எல்லாவற்றுக்கும் மழையும் பாறையும் மட்டும் காரணமல்ல. தாங்காத சரிவில் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனதும் காரணம். கொடைக்கானலில் ஒரு குடும்பம் புதிதாக வீடு கட்டினால் மலை சரிந்துவிடுமா என்று கேட்கலாம். ஒரு வீட்டால் சரியாது. ஆனால் அங்கே வீடு கட்டும் ஒவ்வொருவரும் அதே ஒரு வீட்டைத்தான் கட்டுகிறார்கள்.

850 மீட்டர் உயரத்தில் ஓர் ஊர்

தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. வேலூர் 220 மீட்டருக்குப் பக்கத்தில் இருப்பதால், மலைத்தொடர் ஏறித் தங்கவயலுக்கு வந்தால் நாலு டிகிரி குறைகிறது. இது ஊட்டிக் குளிர் இல்லை. சித்திரை மத்தியானம் இங்கேயும் சுடும். ஆனால் ராத்திரி இறங்கிவிடும், மார்கழியில் போர்வை வேண்டும், ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் மத்தியானம் ஒதுக்கிவிட்டால் நாள் முழுக்க வெளியே நடமாடலாம். இந்த வெப்பநிலையும் ஓட்டு வீடுகளும் தோட்டமும் கிளப்பும் இருந்ததால்தான் வெள்ளைக்காரர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்று கூப்பிட்டார்கள். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி சுரங்கத்தை எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகு வந்த வசதிகளைப் பாருங்கள். 1894இல் பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தது. 1902இல் சிவனசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் வந்தது; பெங்களூருக்கே மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

தங்கம் கிடைத்த கதை எல்லோருக்கும் தெரியும். சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் தங்கம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றானது. 2001 பிப்ரவரி 28 அன்று, சுரங்கத்தை அப்போது நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. நம் கேள்விக்கு வேண்டியது அந்தக் கதையின் இன்னொரு பக்கம். வேலை உச்சத்தில் இருந்தபோது முப்பதாயிரம் தொழிலாளர்வரை வைத்து நடத்திய ஓர் ஊர் இது. அவர்களுக்காகப் போட்ட தெருக்கள், பள்ளிகள், மாதாகோவில்கள், அம்மன் கோவில்கள், மைதானங்கள் எல்லாம் இன்றும் நிற்கின்றன. வேலை மட்டும் போய்விட்டது. ராபர்ட்சன்பேட்டை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுத் திட்டமிட்ட ஊர். இங்கே குடியேற மலையை வெட்ட வேண்டாம், காட்டை அழிக்க வேண்டாம், யானை வழியை அடைக்க வேண்டாம். கட்டப்பட்டு, பழுதாகிக் கிடப்பதைச் சரிசெய்து குடியிருந்தால் போதும். மலையில் புது வீடு கட்டுவதற்கும் தங்கவயலில் பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த வாதத்தின் மையம்.

வெளியே வாழ்வதற்கு என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கோலார் நகரை ஒட்டிய அந்தரகங்கை மலையில் வற்றாத ஊற்று ஒன்று கல் நந்தியின் வாய்வழியாக விழுகிறது; அதற்கு மேலே வீடு அளவுப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து குகைகளாகி இருக்கின்றன. தவழ்ந்தும் ஒருக்களித்தும் அவற்றுக்குள் புகுந்து வருவதற்காகவே பெங்களூர் இளைஞர்கள் வாராவாரம் வருகிறார்கள். முளபாகல் பக்கம் ஆவணியில் நுளம்பர் காலத்துக் கோவில்களும் அவற்றின் முதுகுக்குப் பின்னால் செங்குத்தான கருங்கல் குன்றும் இருக்கின்றன. சைக்கிள்காரர்களுக்கு ஏற்ற இறக்கம் மிதமான கிராமத்துச் சாலைகள் பேத்தமங்கலம், கம்மசந்திரா, பூதிகோட்டை எனப் பல திசைகளில் போகின்றன. விளையாட்டு இந்த ஊரின் ரத்தத்தில் உண்டு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடிய கென்னத் பவல் கோலாரில் பிறந்தவர். சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகள் கால்பந்தும் ஹாக்கியும் குத்துச்சண்டையும் பழகிய மைதானங்கள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. குடியேறுகிறவர் கிளப்புக்கு உறுப்பினர் கட்டணம் கட்டித்தான் வெளிக்காற்று வாங்க வேண்டும் என்ற நிலை இங்கே இல்லை.

சயனைடு மேடு என்ன செய்யும்?

இங்கேதான் முதல் கடுமையான எதிர்ப்பு எழும். மலையில் சுத்தமான காற்றைத் தேடுகிறவனைச் சயனைடு மேட்டுக்குப் பக்கத்தில் போய் இருக்கச் சொல்லலாமா? கேட்க வேண்டிய கேள்விதான். தங்கவயலுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அந்த மேடுகள்தான். பாறையை அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு அது. 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம். மழை அறுத்த ஓடைகள் உச்சியிலிருந்து அடிவரை வரிவரியாக இறங்கும். கையில் எடுத்தால் விபூதி மாதிரி மென்மையாக விரலிடுக்கில் வழியும். அந்த மென்மைதான் ஆபத்து. சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துபோகும். அரைத்த கல்லின் நுண்தூள் சிதையாது. ஆடிக் காற்றில் அது எழுந்து சாம்பியன் ரீஃபிலும் மாரிக்குப்பத்திலும் வீடுகளின் மேல் படிகிறது, நுரையீரலுக்குள் போகிறது. மழைநீர் அதைக் கரைத்துக் கீழே உள்ள நிலத்துக்கும் ஓடைக்கும் கொண்டுபோகிறது.

இதை மறைத்து யாரையும் குடிவரச் சொல்லக் கூடாது. ஆனால் இரண்டு விஷயங்களை எடைபோட வேண்டும். ஒன்று, பச்சையாகத் தெரிவதெல்லாம் சுத்தம் என்ற நம்பிக்கை தப்பு. தங்கவயல் சுரங்கம் மூடப்பட்ட அதே 2001இல், அடுத்த மாதமே, கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்த ஆலையும் மூடப்பட்டது. சோலைக்காட்டு ஓரத்து மண்ணில் கலந்த பாதரசம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே வேலை செய்த 591 பேருக்கான உடன்பாடு வர 2016 ஆனது. தங்கவயலின் விஷம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி மேடாக நிற்கிறது. எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து விலகி இருக்க முடியும். இரண்டாவது, இதற்கு வைத்தியம் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பார்க் சிட்டி ஒரு வெள்ளிச் சுரங்க ஊர். ஊருக்குள்ளேயே சுரங்கக் கழிவு பரவிக் கிடந்தது. 1980களில் நகராட்சி சட்டம் கொண்டுவந்தது: கழிவு கிடக்கும் மனைகளைச் சுத்தமான மண்ணால் மூட வேண்டும், அதன்மேல் புல் வளர்க்க வேண்டும். அந்த ஊரில்தான் 2002 குளிர்கால ஒலிம்பிக்கின் சில போட்டிகள் நடந்தன. உலகம் முழுக்க மக்கள் வெளிவாழ்வைத் தேடிப் போகிற மலையூராக அது இன்று இருக்கிறது. செய்ய மனமிருந்தால் வழி தெரிந்த வேலை இது.

தங்கவயலில் அது இன்னும் நடக்கவில்லை. மேட்டுக் கழிவில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க ஏலம் விடும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் கொடுத்தது. சுமார் ஆயிரம் ஏக்கரில் கிடக்கும் மேடுகளைக் கிளறும் வேலை அது. சரியாகச் செய்தால் விஷத்தை ஒரேயடியாக அகற்றும் வாய்ப்பு. அலட்சியமாகச் செய்தால் பல வருஷத்துக்குத் தூசி. குடிவர நினைப்பவர் இந்தத் திட்டத்தின் நிலவரம் தெரிந்துகொள்ளாமல் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

நிலத்துக்கு அடியில் குடைந்த ஊர் இடியாதா என்பது இதன் தொடர்ச்சியான பயம். பாறை வெடிப்பு என்பது தங்கவயலின் பழைய எமன். அதை ஆராயவே 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கே தொடங்கப்பட்டது. சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பத் தொடங்கிய பிறகும் சிறு அதிர்வுகள் உணரப்பட்டதுண்டு. ஆனால் தங்கரேகை வடக்கு தெற்காக ஒரு குறுகிய பட்டையில் ஓடுகிறது. பாலகாட், நந்திதுர்க், ஊர்காம், சாம்பியன் ரீஃப், மைசூர் மைன் என ஷாஃப்டுகள் எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. எங்கே குடைந்தார்கள் என்பதற்கு வரைபடம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் எந்த மழைக்கு எந்த மண் சரியும் என்பதற்கு வரைபடம் போதாது, தங்கவயலில் போதும். நகராட்சியும் பாரத் கோல்டு மைன்ஸ் நிர்வாகமும் அந்த வரைபடங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அதுவரை பழைய ஷாஃப்ட் வாய்க்குப் பக்கத்தில் யாரும் மனை வாங்கக் கூடாது.

தண்ணீர்க் கணக்கு

என் பார்வையில் தூசியைவிடப் பெரிய தடை தண்ணீர்தான். கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு இல்லை. நந்தி மலையில் பிறக்கும் பாலாறு இந்த வழியாகத்தான் போகிறது என்றாலும் பெரும்பாலும் மணலாகத்தான் போகிறது. ஆயிரக்கணக்கான ஏரிகள் வெட்டி வாழ்ந்த மாவட்டம் ஏரியை விட்டு ஆழ்துளைக் கிணற்றுக்குப் போனதன் விளைவு, எடுக்கும் நிலத்தடி நீர் ஊறும் அளவைத் தாண்டிவிட்டது. ஆழம் போகப்போக ஃபுளோரைடும் சேர்ந்து வந்தது. 2018 முதல் பெங்களூரின் கோரமங்கலா, சல்லகட்டாப் பள்ளத்தாக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளில் நிரப்புகிறார்கள். கிணறுகளில் நீர்மட்டம் ஏறியதை விவசாயிகள் வரவேற்றார்கள். இரண்டு கட்டச் சுத்திகரிப்பு போதாது, மூன்றாவது கட்டமும் வேண்டும் என்ற கோரிக்கையும் தொடர்கிறது. கோரிக்கை நியாயமானது. நிலத்தடிக்கு இறங்கும் நீர் நாளை குடிக்கும் நீர்.

இதற்கிடையில் குடியேறுகிறவர் செய்யக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. இந்தப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை பெய்யும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் விழுவது ஏறத்தாழ 65,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தாலும் 52,000 லிட்டர் கைக்கு வரும். நாளுக்கு ஆளுக்கு 100 லிட்டர் செலவழிக்கும் இருவருக்கு ஆண்டுத் தேவை 73,000 லிட்டர். ஆக, முதிய தம்பதியின் தேவையில் எழுபது சதவீதத்தைக் கூரையே கொடுக்கும். நாலு பேர் குடும்பத்துக்கு மூன்றில் ஒரு பங்குக்குமேல் கொடுக்கும். தொட்டி கட்டச் செலவாகும், மேட்டுத் தூசி படியாத இடத்தில் கூரை இருக்க வேண்டும், முதல் மழையைக் கழித்துவிட வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் போர்வெல்லை நம்பி வருகிறவர், ஏற்கெனவே குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊர்க்காரர்களின் தண்ணீரில்தான் பங்கு கேட்கிறார். மழைநீரைப் பிடிக்காமல் தங்கவயலுக்குக் குடிவருவது ஊருக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன்.

வேலையும் மருத்துவமும் எளிதாகப் பதில் சொல்லக்கூடியவை. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் சுமார் நூறு கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பும் ரயிலில் மாரிக்குப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் ஏறி, பங்காரப்பேட்டை வருவதற்குள் உட்கார இடம் இருக்காது. சுரங்கம் மூடியபின் ஊர் பிழைத்தது இந்த ரயிலால்தான். பெமல் தொழிற்சாலை ஊருக்குள்ளேயே இருக்கிறது. நரசாபுரம் தொழிற்பேட்டை மாவட்டத்துக்குள் இருக்கிறது. பெங்களூர்–சென்னை விரைவுச்சாலையில் ஹொஸ்கோட்டே முதல் பேத்தமங்கலம் வரையிலான பகுதி 2024 இறுதியில் திறந்துவிடப்பட்டது. பெரிய மருத்துவத்துக்குக் கோலாரில் மருத்துவக் கல்லூரி முப்பது கிலோமீட்டர், வேலூர் சி.எம்.சி. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கொடைக்கானலில் நெஞ்சுவலி வந்தால் மலைப்பாதையின் வளைவுகளை இறங்கிவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரியைப் பார்க்க முடியும் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

யாருடைய ஊர்?

எல்லா எதிர்ப்புகளிலும் கனமானது இனிமேல்தான் வருகிறது. பணத்தோடு வெளியாள் வந்தால் மனை விலை ஏறும், வாடகை ஏறும், இத்தனை காலம் ஊரைத் தூக்கிப் பிடித்தவர்கள் வெளியே தள்ளப்படுவார்கள். இது கற்பனைப் பயமல்ல. கொலராடோவின் ஆஸ்பென் வெள்ளிச் சுரங்க ஊராக இருந்து 1893இல் வெள்ளி விலை சரிந்ததும் காலியானது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பனிச்சறுக்கு வந்து ஊர் மீண்டது. இன்று அது பணக்காரர்களின் ஊர். அங்கே சமைப்பவரும் சுத்தம் செய்பவரும் பள்ளி ஆசிரியரும் கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து தினம் ஏறி வருகிறார்கள். தொழிலாளருக்கென்று வீடு ஒதுக்க அந்த ஊர் தனியாக ஓர் அமைப்பையே வைத்து நடத்த வேண்டியதாயிற்று. செத்த சுரங்க ஊர் வெளிவாழ்வு ஊராக உயிர்த்தெழும் என்பதற்கும், உயிர்த்தெழும்போது பழைய மக்களை விழுங்கிவிடும் என்பதற்கும் ஆஸ்பெனே சாட்சி.

தங்கவயலில் அப்படி நடந்தால் அது இரட்டை அநியாயம். வட ஆற்காடு, தென் ஆற்காடு, சித்தூர், சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து சாதிக் கொடுமைக்கும் பஞ்சத்துக்கும் தப்பி வந்த குடும்பங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், இந்தச் சுரங்கத்தை வெட்டின. மூங்கில் தட்டி வைத்த சின்னஞ்சிறு லைன் வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்தன. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேர் பிடித்ததும், படிப்பும் சங்கமும் சுயமரியாதையும் இந்த லைன்களில் வளர்ந்ததும் தமிழர் வரலாற்றின் பெருமைக்குரிய பக்கங்கள். 2001க்குப் பிறகு வேலை போய், நிலுவைக்கு வழக்காடி, ஓட்டை ஒழுகலோடு அதே லைன் வீடுகளில் இருந்துகொண்டு, குடியிருக்கும் வீட்டுக்குப் பத்திரம் கேட்டுக் காத்திருப்பவர்கள் அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும்தான். அவர்கள் பெயருக்கு வீடு எழுதப்படுமுன் வெளியூர்ப் பணம் உள்ளே வந்தால், சுரங்கத்தில் நுரையீரலை இழந்தவர்களின் சந்ததி வீட்டையும் இழக்கும்.

அப்படியானால் வெளியாள் வராமலே இருப்பதுதான் நல்லதா? அதுவும் தீர்வாகாது. இளைஞர்கள் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் அங்கேயே தங்கிவிட, கடைகளும் பள்ளிகளும் மைதானமும் காலியாவதைத்தான் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பார்த்துவிட்டோம். வரி கட்டுகிற, கடையில் வாங்குகிற, பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கிற, தூசிக்கு எதிராக நகராட்சியில் குரல் கொடுக்கிற குடும்பங்கள் ஊருக்கு வேண்டும். எனவே வரிசை முக்கியம். முதலில் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்குப் பத்திரம். இரண்டாவது, மேடுகளைக் கிளறுவதற்கோ மூடுவதற்கோ காலக்கெடுவோடு பொதுத் திட்டம். மூன்றாவது, புது வீடு எதுவானாலும் மழைநீர்த் தொட்டி கட்டாயம். இந்த மூன்றும் நடந்தால் வருகிறவரால் ஊருக்கு லாபம். நடக்காமல் மனை வியாபாரம் மட்டும் முந்திக்கொண்டால் நஷ்டம் முழுக்க ஊருக்கு. முதல் வரவேற்பு தங்கவயலின் சொந்தப் பிள்ளைகளுக்கே இருக்க வேண்டும் என்பதும் என் எண்ணம். பெங்களூரில் வாடகைக்குத் திணறுகிற, வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிகிற அந்தத் தலைமுறை திரும்பி வந்தாலே ஊரின் பாதிக் கஷ்டம் தீரும்.

வெளியிலிருந்து வருகிற தமிழர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. தெருவெல்லாம் தமிழ் கேட்கிற ஊர்தான். ஆனாலும் இது கர்நாடகம். பள்ளி, பத்திரப்பதிவு, நகராட்சி எல்லாம் கன்னடத்தில் நடக்கும். தங்கவயல்காரர்கள் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சரளமாகப் பேசித்தான் இந்த எல்லையில் நல்லுறவோடு வாழ்கிறார்கள். கன்னடம் கற்க மனமில்லாதவர் இங்கே குடிவர வேண்டாம். இயற்கையிடமும் அதே பணிவு வேண்டும். கோலார் மாவட்டத்தின் ஹனுமனஹள்ளியில் ஒரே ஒரு குகையில் மட்டும் வாழும் வௌவால் இனம் ஒன்று இருக்கிறது. கோலார் இலைமூக்கு வௌவால் என்று பெயர். கருங்கல் குவாரிகளால் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. ஆந்திர எல்லையில் உள்ள கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் மாவட்டத்தின் தெற்குப் பகுதிக்கு வந்து போகின்றன. குகையில் டார்ச் அடித்துக் கூச்சல் போடுவதும், காட்டோரத்தில் பண்ணை வீடு கட்டி மின்வேலி போடுவதும் வெளிவாழ்வு ஆகாது.

முடிவாகத் தேர்ந்தெடுக்கிறவர் கையில் இருப்பது ஒரு சின்னச் சோதனை. எந்த மலையூராக இருந்தாலும் ஐந்து கேள்விகள் கேளுங்கள். இங்கே வீடு கட்டச் சரிவை வெட்ட வேண்டுமா? தண்ணீர் யாரிடமிருந்து வரும்? மண்ணிலும் காற்றிலும் என்ன கலந்திருக்கிறது? அவசரத்துக்கு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? நான் வருவதால் யார் வெளியேற வேண்டியிருக்கும்? ஊட்டியும் கொடைக்கானலும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. தங்கவயல் முதல் கேள்வியிலும் நான்காவதிலும் தேறுகிறது. இரண்டாவதற்கு உங்கள் கூரையும் தொட்டியும் பாதிப் பதில். மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் அரசு செய்ய வேண்டிய வேலை மிச்சமிருக்கிறது. அதனால் ஆடி மாதக் காற்றில் ஒருமுறையும் சித்திரை வெயிலில் ஒருமுறையும் வாடகைக்கு இருந்து பாருங்கள். மேட்டிலிருந்து தள்ளி, ராபர்ட்சன்பேட்டை பக்கம், ஏற்கெனவே நிற்கிற வீடாகப் பாருங்கள். லைன் வீட்டுப் பத்திரத் தகராறில் கிடக்கும் சொத்தை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அழகான மலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் அழகைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வாழ்வதைவிட, அடிபட்ட ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் காயத்தை ஆற்றுவதில் பங்கெடுத்து வாழ்வது மேல். நாட்டுக்கு எண்ணூறு டன் தங்கம் கொடுத்துவிட்டுக் கைவிடப்பட்ட ஊருக்கு நாம் பட்ட கடன் அது.